அத்தையின் அஞ்சறைப் பெட்டி: புடவையில் மஞ்சள் எங்கே?



போன மாதம் இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று பார்த்தோம். இந்த மாதம் தோசைக்கல்லில் தண்ணீர்ச் சொட்டு ஏன் குதித்து ஓடுகிறது என்று எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். யாழினி வந்து கெடுத்துவிட்டாள். சொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது, தோசைக்கல்தான் மாறிப்போச்சு.

யாழினி என் தம்பி மகள். ஒன்பது வயசு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் நேரே எங்க வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரம் முறுக்கும் கையுமாக உட்கார்ந்து என் போனில் என்னோட கல்யாண வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்த கையிலிருந்து ஒரு துளி திரையில் விழுந்தது. துடைப்பாள் என்று பார்த்தால், குனிந்து குனிந்து அதையே பார்க்கிறாள்.

"அத்தை, பாட்டி புடவைக்குள்ள பச்சைப் புள்ளி இருக்கு!"

"மாம்பழக் கலர் பட்டுடி அது. பச்சையெல்லாம் கிடையாது."

"சிவப்புப் புள்ளியும் இருக்கு. மஞ்சள்தான் இல்ல. எங்கேயுமே இல்ல."

நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தச் சொட்டு ஒரு குட்டி பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்தது. அதற்குள் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மினுங்கின. மாம்பழக் கலர் என்று நான் சத்தியம் செய்த இடத்தில் மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

"அப்போ டிவியில, போன்ல காட்டுறது எல்லாம் பொய்யா?" என்றாள். கேட்டது கலரைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவள் தன் பாட்டியை நேரில் பார்த்ததே இல்லை. இவள் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே, 2003ல், அம்மா போய்விட்டாள்.

சரி, முதலில் மஞ்சள். நம்ம கண்ணுக்குள்ளே, பின்பக்கத்தில், கலர் பார்ப்பதற்கென்று மூன்று விதமான செல்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்புப் பக்கம் அதிகம் துள்ளும், ஒன்று பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. மஞ்சளுக்கு என்று தனியாக யாரும் இல்லை! ஒரு மாம்பழத்தைப் பார்க்கும்போது அதிலிருந்து வரும் வெளிச்சம் சிவப்புக்காரரையும் பச்சைக்காரரையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது. ரெண்டு பேரும் சேர்ந்து கூவினால் மூளை அதை 'மஞ்சள்' என்று எடுத்துக்கொள்கிறது. டிவிக்காரர்கள் இந்த ரகசியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில், கண்ணால் பிரிக்க முடியாத அளவு பொடியாக வைத்துவிட்டால் போதும். அதே ரெண்டு பேர் கூவுவார்கள், மூளையும் அதே பதிலைச் சொல்லும். மூன்றும் சேர்ந்து பளிச்சென்று எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. மூன்றையும் கூட்டிக் குறைத்து மற்றதெல்லாம்.

பெயின்ட் டப்பாவை எடுத்துச் சிவப்பையும் பச்சையையும் கலக்கி, "அத்தை, மஞ்சள் வரலையே, சேறு மாதிரி வருதே" என்று எனக்கு எழுதாதீர்கள். பெயின்ட் வேறு, வெளிச்சம் வேறு. வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் பிரகாசம் கூடும். பெயின்டோடு பெயின்ட் சேர்ந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் மங்கும்.

இந்தப் பொடி மூன்றும் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு பிக்சல் என்று பெயர். உங்க வீட்டில் 4கே டிவி இருந்தால், ஒரு வரிசைக்கு 3,840 பிக்சல், அப்படி 2,160 வரிசை. பெருக்கிப் பாருங்கள்: 82,94,400. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று விளக்கு என்றால் கிட்டத்தட்ட ரெண்டரைக் கோடி. எல்லாவற்றுக்கும், நீ இவ்வளவு எரி, நீ இவ்வளவு எரி என்று ஒரு நொடிக்குப் பலமுறை சொல்லிக்கொண்டே இருக்கிறது உள்ளே இருக்கும் சில்லு. வீட்டில் மூன்று பேரைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கே எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது.

சில டிவியில் பிக்சல் தானே எரியும். கார்த்திகைக்கு வாசலில் வைக்கிற அகல் மாதிரி, ஒவ்வொன்றும் தனி விளக்கு. இதை ஓலெட் என்கிறார்கள். எல்சிடி டிவியில் அப்படி இல்லை. பின்னால் ஒரு பெரிய வெள்ளை வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள், அவற்றில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி. ஒரு ஜன்னலை முழுக்கத் திறப்பதா, பாதி சாத்துவதா என்பதை மின்சாரம் முடிவு செய்யும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் எல்சிடியில் கறுப்பு சரியான கறுப்பாக இருக்காது, சாம்பல் அடிக்கும். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது, அதுதான் காரணம்.

யாழினிக்கு இவ்வளவு புரிந்தது. "சரி, ஆனா பாட்டி எப்படி நகர்றாங்க?"

நகரவில்லை, கண்ணு. அதுதான் விஷயம். டிவியில் எதுவுமே நகர்வதில்லை.

ஊரில் கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனபோது சீரியல் லைட் பார்த்திருப்பீர்கள். வாசல் தோரணத்தில் வெளிச்சம் சுற்றிச் சுற்றி ஓடும். கிட்டே போய்ப் பாருங்கள். எந்த பல்பும் ஓடவில்லை, அதது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஒன்று அணைகிறது, பக்கத்தில் இருப்பது எரிகிறது. நடுவில் ஓடுகிற அந்த வெளிச்சத்தை உண்டாக்கியது உங்கள் மூளைதான். பல புத்தகங்களில் 'பார்த்த படம் கண்ணில் கொஞ்ச நேரம் தங்கும், அதனால் அசைவு தெரிகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. தங்குவது மட்டும்தான் காரணம் என்றால் எல்லாப் படமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பித்தானே தெரியணும்? முதல் படத்தில் கை இங்கே, அடுத்ததில் அங்கே என்றால், 'கை நகர்ந்திருக்கிறது' என்று மூளையே முடிவு கட்டிவிடுகிறது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படம். ஊர் டிவியில் 25. அமெரிக்க டிவியில் சுமார் 30.

இந்த 25க்கும் 30க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குப் பழைய டிவி தெரிய வேண்டும்.

இப்போதெல்லாம் டிவி சுவரில் காலண்டர் மாட்டின மாதிரி தொங்குகிறது. அந்தக் காலத்து டிவிக்குத் தொப்பை உண்டு, முதுகுப் பக்கம். எங்க ஊர் வேதாரண்யம் பக்கம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டாலும் எங்களுக்கு எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அது எட்டியது! தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி. மாடியில் உயரமாக ஆன்டெனா. ஒருத்தர் மேலே ஏறி அதைத் திருப்புவார், கீழே இருந்து நாங்கள் "தெரியல... தெரியல... ஆங், தெரியுது! ஐயோ, போச்சு!" என்று கத்துவோம். படத்தில் பாதி நேரம் புள்ளி மழைதான்.

அந்தத் தொப்பைக்குள் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. உள்ளே காற்றே கிடையாது. பின்கோடியிலிருந்து எலக்ட்ரான்கள் ஒரு கற்றையாகக் கிளம்பி வந்து திரையின் உள்பக்கத்தில் மோதும். அங்கே பாஸ்பர் என்ற ஒரு பூச்சு. எலக்ட்ரான் மோதின இடம் மினுக்கென்று ஒளிரும், உடனே மங்கிவிடும். காந்தச் சுருள்கள் அந்தக் கற்றையை வளைத்து, இடமிருந்து வலம், இடமிருந்து வலம் என்று வரிவரியாக மேலிருந்து கீழே ஓட்டும், நீங்கள் நோட்டில் எழுதுகிற மாதிரி. எந்த இடத்திலும் முழுப்படம் ஒன்று கிடையாது. ஒரே ஒரு புள்ளிதான் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்படி வரிவரியாக வரையலாம் என்ற யோசனை அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு பண்ணைப் பையனுக்கு 14 வயதில் வயல் உழும்போது வந்தது என்று சொல்வார்கள். ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்று பெயர். ஏர் போகப் போக மண்ணில் சால் சாலாக விழுமே, அதைப் பார்த்து. லண்டனில் ஜான் லோகி பேர்ட் 1926லேயே சுழலும் தட்டு வைத்து டிவி காட்டிவிட்டார் என்றாலும், சுழலும் தட்டு எதுவும் இல்லாமல் எலக்ட்ரானை வைத்தே 1927 செப்டம்பர் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் படம் அனுப்பிக் காட்டினார் ஃபார்ன்ஸ்வொர்த். என்ன படம் தெரியுமா? ஒரு கோடு. வெறும் ஒரு கோடு.

அந்தக் காலத்து நம்ம ஊர் டிவியில் ஒரு படத்துக்கு 625 வரி. நொடிக்கு 25 படம். அப்படியானால் நொடிக்கு 15,625 வரி. அந்த வேகத்துக்குப் பெட்டியிலிருந்து 'ஙீ...' என்று மெல்லிசாக ஒரு சத்தம் வரும். சின்னப் பிள்ளைகள் காதுக்குத்தான் கேட்கும், வயதானால் கேட்காது. பக்கத்து வீட்டில் டிவி போட்டுவிட்டார்கள் என்று நான் வாசலில் நின்றபடியே சொல்வேன். அப்பா நம்பவே மாட்டார், பொய் சொல்லிப் படிப்பைத் தட்டிக்கழிக்கிறாள் என்பார்.

இதில் ஒரு சிக்கல். மேலிருந்து கீழே 625 வரியும் வரைந்து முடிப்பதற்குள் மேல்வரி மங்கிவிடும், திரை படபடவென்று அடிக்கும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது இலை. சாம்பார் வாளியோடு ஒரே ஆள். ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு கடைசிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் முதல் இலைக்காரர் காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பதில், ஒன்று விட்டு ஒன்று ஊற்றிக்கொண்டு வேகமாக ஒரு சுற்று, பிறகு விட்டுப்போன இலைகளுக்கு இன்னொரு சுற்று என்று வந்தால்? எந்தப் பக்கமும் ரொம்ப நேரம் காய்ந்து கிடக்காது. டிவியிலும் அதேதான். முதலில் 1, 3, 5, 7 என்று ஒற்றை வரிகள். பிறகு 2, 4, 6, 8. ஆக நொடிக்கு 25 முழுப்படம், ஆனால் 50 அரைப்படம். இந்த ஐம்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

ஏன் 50? ஊரில் கரண்ட் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அமெரிக்காவில் 60. அதனால் அந்தக் காலத்தில் இங்கே 60 அரைப்படம், படத்துக்கு 525 வரி. கலரை அனுப்பும் முறையும் வேறு. இங்கே இருந்ததற்கு என்.டி.எஸ்.சி. என்று பெயர். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து எல்லாம் அப்போது பால்.

"பாலா? தயிர் சிஸ்டமும் உண்டா?" என்றாள் யாழினி. இல்லை, ஆனால் நான் அப்போது மோர்கூடக் கிடைக்காமல்தான் நின்றேன்.

1993ல் எங்க கல்யாணம். விசா கிடைத்து நான் கிளம்பியது 1994 தொடக்கத்தில். வீடியோகாரர் இழுத்தடித்து, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு காப்பி. எங்க வீட்டில் டெக் கிடையாது, வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பார்க்க நேரமும் இல்லை. "நீ எடுத்துட்டுப் போ. அங்க போய் மாப்பிள்ளையோட உக்காந்து பாரு" என்று அம்மா அப்பளக் கட்டுக்கும் புடவைக்கும் நடுவில் சொருகிக் கொடுத்துவிட்டாள். அவள் பார்க்கவே இல்லை.

இங்கே மிச்சிகனில் பனிக்கு நடுவில் வந்து இறங்கி, முதல் ஞாயிற்றுக்கிழமை கேசட்டைப் போட்டால், திரை முழுக்கக் கோடு. படம் மேலே மேலே உருண்டுகொண்டே போகிறது. நாதஸ்வரம் எலி கத்துவது மாதிரி கீச்சுக் கீச்சென்கிறது. விமான நிலையத்து எக்ஸ்ரே மெஷின்தான் கேசட்டை அழித்துவிட்டது என்று நினைத்து நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பயப்படுவோம். கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நொடிக்கு 25 படம் என்று எழுதி வைத்ததை, 30 படம் என்று படிக்கத் தெரிந்த மெஷின் படித்தது. அவ்வளவுதான். ஊர் மிக்ஸியை இங்கே சொருகினால் சரியாகச் சுற்றாதே, அந்த மாதிரி. சிங்கப்பூரில் இருந்த என் சித்தி மகளிடம் கொடுத்திருந்தால் அன்றே பார்த்திருப்பாள்.

அடுத்த வாரம் அம்மா போன் செய்தாள், எஸ்டிடி பூத்திலிருந்து. நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஓடும், அதனால் எப்போதும் கத்திக் கத்தி, வேக வேகமாகப் பேசுவாள். "கேசட் பார்த்தியா? நான் வந்திருக்கேனா? எப்படி இருக்கேன்?"

"பார்த்தேம்மா. நல்லா இருக்கே. மாம்பழக் கலர் எடுப்பா இருக்கு" என்றேன்.

பொய் சொன்னேன், குட்டீஸ். அவளுக்கு வருத்தமாக இருக்குமே என்று. எக்ஸ்ரே விஷயத்தை அந்த மூன்று நிமிஷத்தில் எப்படிச் சொல்வது என்றும்.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு மாமி வீட்டுக்கு நவராத்திரிக்குப் போனபோதுதான் இந்தப் பால் சமாசாரமே தெரிந்தது. மாற்றித் தருகிற கடைகள் இருந்தன. முதலில் காசு இல்லை. அப்புறம் காசு இருந்தது, நேரம் இல்லை. ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போனால் வாடகை டெக்கில் எல்லாருமாக உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் சூட்கேசை மூடிய பிறகுதான் ஞாபகம் வரும். 2004ல்தான் ஞாபகமாக எடுத்துப் போனேன். அங்கேயே ஒரு கடையில் டிவிடியாக மாற்றி, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பால், மோர் எல்லாம் பார்ப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் படிக்கும். மூன்று மணி நேர வீடியோ. சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக வருகிறார்கள். அம்மா மட்டும் இல்லை. சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடையாய் நடந்தவள் எங்கே கேமரா முன்னால் நிற்பாள்! ஒரே ஒரு இடத்தில், பந்தி நடுவில், வீடியோகாரர் திடீரென்று அவள் பக்கம் திருப்புகிறார். சிரித்து, "அட, போங்க தம்பி" என்று கையை ஆட்டி, முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். 11 நொடி.

யாழினி விரலை விட்டு எண்ணினாள். "பதினொண்ணு இன்டு இருபத்தஞ்சு. இருநூத்தி எழுபத்தஞ்சு படம், அத்தை."

"ஆமா."

"ஒரு படத்துக்கு 625 வரி..." என் போன் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினாள். 1,71,875. அதில் கொஞ்சம் வரிகளில் படம் இருக்காது, மற்ற சைகைகள்தான் இருக்கும் என்று சொன்னேன். அதை அவள் காதில் வாங்கவில்லை.

"அப்போ பாட்டி சிரிக்கிற ஒண்ணை மட்டும் நிறுத்தி பிரின்ட் போடலாம். என் ரூம்ல ஒட்டிக்கிறேன்."

நிறுத்தினாள். முகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டிய கை மட்டும் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிளந்து பிளந்து தெரிந்தது. இன்னொரு இடத்தில் நிறுத்தினாள். அங்கேயும் சீப்பு. ஏன் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த 50! ஒற்றை வரிகளை எடுத்தபோது கை ஓர் இடத்தில் இருந்தது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டை வரிகளை எடுத்தபோது கை கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. நிறுத்தினால் ரெண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஓடினால் தெரியாது. இப்போது இதைச் சரி செய்ய மென்பொருள் எல்லாம் இருக்கிறது, தம்பியைக் கேட்டால் செய்து தருவான்.

நீங்களும் சொட்டு வைத்துப் பார்க்கலாம், ஆனால் போனில் மட்டும், அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டு. கடுகளவுத் துளி போதும், ஊசிமுனையால் வையுங்கள். பார்த்ததும் துடைத்துவிடுங்கள். டிவியில் வைக்க வேண்டாம். பரணில் பழைய தொப்பை டிவி இருந்தால் அதை யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

"சீப்பு இருந்தா இருக்கட்டும்" என்றாள் யாழினி. சொட்டைச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். பாட்டி சிரித்து, கையை ஆட்டி, முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை, அத்தை."